பந்து வருவதற்கு முன்பே: பொடியாக இருக்கும் பிள்ளையைக் கால்பந்துக்குத் தயார் செய்வது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலில் இருந்து நீரோடி வரை கடற்கரையில் வளரும் பிள்ளைக்குக் கால்பந்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. சாயங்காலம் மணலில் அண்ணன்மாரும் மாமன்மாரும் பந்தின் பின்னால் ஓடுவார்கள், அவனும் கூட ஓடுவான், அவ்வளவுதான். இரவிபுத்தன்துறையில் இருந்து இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை போன மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையைச் சேர்ந்தவர்தான். அந்தக் குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் தேவைப்படாது. தக்கலை, மார்த்தாண்டம், அருமனை, நாகர்கோவில் பக்கம் கதை வேறு, பல வீட்டில் யாருமே பந்து தொட்டதில்லை. பிள்ளை ஆசைப்பட்டதால் கோடை முகாமில் சேர்த்தாயிற்று. முதல் நாள் வரிசையில் நிறுத்தியபோது பார்த்தால் நம் பிள்ளைதான் கடைசியில், எல்லாரையும் விடப் பொடி. அப்படி ஒரு நிலையில் இருக்கும் அம்மா அப்பாவுக்காகத்தான் எழுதுகிறேன்.

இவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இவன் இடி தாங்குவானா சார்?" பத்துப் பன்னிரண்டு வயதில் இடி வாங்குகிற பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பந்து காலுக்கு வந்த பிறகுதான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். அந்த ஒரு நொடியில் பெரிய பையன் வந்து சேர்ந்துவிடுவான். பந்து வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்ட பிள்ளையிடம், பெரியவன் வந்து சேரும்போது பந்து இருக்காது. பொடியான பிள்ளைக்கு நாம் வாங்கிக்கொடுக்க வேண்டியது அந்த ஒரு நொடியைத்தான். கீழே வருவதெல்லாம் ஏதோ ஒரு வகையில் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்

"குள்ளமா இருக்கான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை விட்டுவிடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டைப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள், தேதியோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பருவ வயது தொடங்கும் முன், பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. வளர்வார்கள். ஓர் ஆண்டில் 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றாலோ, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் வளர்ச்சி வரைபடத்தில் அடிக்கோட்டுக்கும் கீழே இருந்தாலோ, குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைச் சொல்லிவிடுவார்கள். பத்து வயதுப் பையனின் எலும்பு எட்டு வயதில் நிற்கிறது என்று தெரிந்தால் பல சமயம் அது நல்ல செய்தி, வளர இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஒரு கணக்கும் உண்டு. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பையன் என்றால் 13 செ.மீ. சேர்த்து, பெண் என்றால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 165, அம்மா 152 என்றால் மகன் 165 பக்கம், மகள் 152 பக்கம். இதில் எட்டு செ.மீ. வரை மேலேயோ கீழேயோ போகலாம். அப்புறம் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "அப்பா எப்போ வளர்ந்தாரு?" பத்தாம் வகுப்பு முடிந்த பிறகுதான் திடீரென்று உயர்ந்தார் என்று பாட்டி சொன்னால், மகனும் அதே வழியில் போகக்கூடும்.

இந்த இடத்தில் யாராவது மெஸ்ஸி பேச்சை எடுப்பார்கள். மெஸ்ஸிக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்தது. பார்சிலோனா கிளப் சிகிச்சைச் செலவை ஏற்றது. அது ஒரு நோய்க்கான மருந்து. குறைபாடு இல்லாத பிள்ளைக்கு ஊசி போட்டு உயரமாக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். டி.வி. விளம்பரப் பொடிகளுக்கும், கம்பியில் தொங்குவதற்கும் எலும்பை நீட்டும் சக்தி இல்லை. தொங்கினால் கைக்குப் பலம் வரும், அது நல்லதுதான், அதற்காகத் தொங்கட்டும்.

பிறந்த மாதத்தைப் பாருங்கள்

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 14 வயதுக்குட்பட்டோர் என்று ஒரு பிரிவு வைத்தால், அதில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக நிற்பார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. பதினொன்று பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் என்பது ஐந்தாறு செ.மீ., நாலைந்து கிலோ. பல நாடுகளில் இளையோர் அணிகளை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகமாகத் தேர்வாகிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். திறமை ஜனவரியில் கூடுதலாகப் பிறப்பதில்லை. தேர்வு செய்பவர் கண்ணுக்குப் பெரிய உடம்பு திறமையாகத் தெரிகிறது. இதைச் சரிக்கட்ட இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கிளப்புகள், வயதை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சி ஒத்த பிள்ளைகளைச் சேர்த்துச் சில போட்டிகள் நடத்திப் பார்த்தன. பெல்ஜியத்தில் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் உங்கள் பிள்ளை அக்டோபர், நவம்பர், டிசம்பர் பிறப்பு என்றால், அணியில் பாதிப் பேர் அவனுக்கு அண்ணன்மார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். கோபம் பாதியாகக் குறையும்.

பந்தும் பூட்ஸும்

கடைக்காரர் பெரும்பாலும் 5ஆம் நம்பர் பந்தை எடுத்து நீட்டுவார். அது 410 முதல் 450 கிராம் எடையுள்ள, பெரியவர்கள் பந்து. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு 4ஆம் நம்பர் போதும்; 350 முதல் 390 கிராம். எட்டு வயதுக்குக் கீழே 3ஆம் நம்பர். பொடிப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் கணுக்காலை வளைத்து உதைக்கப் பழகும், முட்டி வலிக்கும், பந்தும் போகாது.

பூட் விஷயத்தில் நம்மூர் வழக்கம் ஒன்று: "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் கூட வாங்கு." பள்ளிக்கூட ஷூவுக்கு அது சரி. கால்பந்து பூட் ஒரு சைஸ் கூடினால், திரும்பும்போது கால் உள்ளே நகரும். அரை அடி இடத்தில் திரும்புவதுதான் சின்னப் பிள்ளையின் பெரிய பலம், அதை நாமே பிடுங்கின மாதிரி ஆகும். கட்டைவிரலுக்கு முன்னால் சுண்டுவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். நம் செம்மண் கிரவுண்டுக்கு அடியில் ரப்பரில் வார்த்த குட்டைக் குமிழ்கள் (ஸ்டட்) உள்ள பூட் வாங்குங்கள். வாடகை டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில், ஆட வைப்பதானால் பொடிப்பொடியாக நிறைய புள்ளிகள் இருக்கும் டர்ஃப் ஷூ. காலின் முன் எலும்பைக் காக்கும் ஷின் பேட் விதிப்படி கட்டாயம். காலுறைக்குள் கணுக்கால் முதல் முட்டிக்குக் கீழ் வரை மூட வேண்டும், அப்பா சைஸ் வாங்கினால் ஓடும்போது பக்கவாட்டில் சுற்றிக்கொள்ளும்.

மணலில் வெறுங்காலோடு ஆட வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வாரத்தில் ஒருநாள் கடற்கரை போதும். கணுக்கால் உரமாகும், பந்தைப் பாதத்தில் உணரப் பழகும், அதோடு மணலில் பெரிய பையன்களின் வேகம் செத்துவிடும். பொடியன்கள் சந்தோஷமாக ஆடும் இடம் அது.

வீட்டு முற்றத்தில் செய்ய வேண்டியது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கிரவுண்டுக்கு வாரம் மூன்று நாள் போனாலும், இருபது பிள்ளைகளுக்கு நடுவில் பந்து காலில் படுவது கொஞ்ச நேரம்தான். வீட்டில் தினம் இருபது நிமிடம் அதைவிட மேல்.

ஒரு சுவர் வேண்டும். அடுத்த வீட்டுச் சுவராக இருந்தால் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாலு மீட்டர் தள்ளி நின்று சுவரில் பாஸ் அடிக்க வேண்டும். திரும்பி வரும் பந்தை நிறுத்தக் கூடாது. முதல் தொடுதலிலேயே பந்தை ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி, இரண்டாவது தொடுதலில் திரும்பச் சுவருக்கு. வலது கால், இடது கால் மாற்றி மாற்றி. காலடியிலேயே பந்தை நிறுத்துகிற பழக்கம் பெரிய பிள்ளைக்குப் பரவாயில்லை, உடம்பை வைத்துச் சமாளித்துக்கொள்வான். பொடியனுக்கு அது வினை. முதல் தொடுதல் எப்போதும் ஆள் இல்லாத பக்கம் போக வேண்டும்.

இது ஓரளவு கைவந்ததும் அடுத்தது. நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். அண்ணனோ அக்காவோ முன்னால் நின்று பந்தை உருட்டட்டும். பந்து உருண்டு வந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் விரல்களைக் காட்டுங்கள். பிள்ளை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பந்தைத் தொட வேண்டும். முதல் வாரம் பாதி நேரம் பந்து காலுக்கடியில் போய்விடும். பிள்ளை சிரிக்கும், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கும். அதன்பிறகு விரலுக்குப் பதிலாக, நீங்கள் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு அடி நகருங்கள். பிள்ளை பார்த்துவிட்டு, நீங்கள் இல்லாத பக்கம் முதல் தொடுதலைக் கொண்டுபோக வேண்டும். உயரமே தேவைப்படாத திறமை இது. நடு மைதானத்தில் ஆடிப் பெயர் பெற்ற ஸாவி, இனியஸ்டா, மோட்ரிச் எல்லாரும் 170 செ.மீ. பக்கம் உள்ளவர்கள், அவர்கள் ஆடிய ஆட்டம் எதையாவது போட்டு, பந்தைப் பார்க்காமல் அவர்கள் தலையை மட்டும் இரண்டு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கோழி கொத்துகிற மாதிரி தலை திரும்பிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, திரும்புவது. தண்ணீர்ப் பாட்டில் நாலைந்தை வரிசையாக வைத்து வளைந்து ஓட விடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆட்டத்தில் எதிராளி பாட்டிலைப் போல நிற்பதில்லை. அதைவிட ஒரே ஒரு பாட்டில் வைத்து, வேகமாக அதை நோக்கிப் போய், ஒரு எட்டு முன்னாலேயே திரும்பச் சொல்லுங்கள். உள்பாதத்தால் வெட்டுவது, வெளிப்பாதத்தால் வெட்டுவது, உள்ளங்காலால் பின்னுக்கு இழுப்பது, நிற்பது போல் காட்டிவிட்டு மறுபடி கிளம்புவது. நாலு போதும். யூடியூப் பார்த்து நாற்பது வித்தை காட்டுகிற பிள்ளைகள் ஆட்டத்தில் ஒன்றைக்கூடச் செய்வதில்லை. குட்டையான உடம்புக்குத் தரையோடு நெருக்கம் அதிகம், நிற்கவும் கிளம்பவும் பெரியவனைவிடக் குறைந்த நேரம் போதும். அந்தச் சலுகை நேராக ஓடும் ஓட்டத்தில் வராது, திருப்பத்தில்தான் வரும்.

உடற்பயிற்சி செய்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று ஒரு பயம் ஊரில் இருக்கிறது. சொந்த உடம்பின் எடையை வைத்துச் செய்கிற தண்டால், உட்கார்ந்து எழுவது, ஒற்றைக்கால் தாண்டல், கயிறு தாண்டுவது எதுவும் வளர்ச்சியைத் தடுக்காது. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று '11+ கிட்ஸ்' என்ற வார்ம் அப் முறை வைத்திருக்கிறது, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஐரோப்பாவில் நாலு நாடுகளில் சோதித்தபோது, அதைச் செய்த பிள்ளைகளுக்குக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கோச் செய்ய வைக்கவில்லை என்றால் வீட்டில் வாரம் இரண்டு நாள் செய்ய வையுங்கள்.

உடம்பை எங்கே வைப்பது

எல்லா இடியையும் தவிர்க்க முடியாது. தோளோடு தோள் மோதுவது விதிப்படி சரியான ஆட்டம். அம்மாமார் ஓரத்தில் இருந்து "ஃபவுல்" என்று கத்துவது ரெஃப்ரியிடம் எடுபடாது. அதனால் வாங்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மார்த்தாண்டம் பஸ்ஸில் கூட்டத்தில் பிடிக்கக் கம்பி கிடைக்காமல் நிற்கும்போது நாம் எப்படி நிற்போம்? காலை அகட்டி, முட்டியை லேசாக மடக்கி, பக்கவாட்டில் திரும்பி. அதே நிலைதான். பந்தை எதிராளியிடமிருந்து தூரமாக இருக்கிற காலில் வைக்க வேண்டும். எதிராளி பக்கம் இருக்கும் கை முழங்கையில் மடங்கி உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி இருக்கலாம், தள்ளக் கூடாது, பிடிக்கக் கூடாது. பந்து எட்டி ஆடும் தூரத்தில் இருக்கும் வரை இப்படி மறைத்து நிற்க விதி இடம் தருகிறது. முட்டியை மடக்காமல் நிமிர்ந்து நிற்கும் பிள்ளைதான் பறந்து போய் விழும்.

இதைவிட நுட்பமானது ஒன்று இருக்கிறது. பந்து வந்து சேர்வதற்குச் சற்று முன்னால், பின்னால் நிற்பவன்மேல் பிள்ளையே லேசாகச் சாய்ந்து தொட வேண்டும். அவன் எதிர்த்துத் தள்ள முன்னால் எடையைக் கொண்டுவருவான். அந்த நேரம் பார்த்து ஒரு எட்டு விலகிப் பந்தின் பக்கம் போய்விட வேண்டும். தள்ள ஆளில்லாமல் பெரியவன் முன்னால் தடுமாறுவான். அப்பா பின்னால் நின்று தலையணையால் தள்ள, பிள்ளை தொட்டுவிட்டு விலகிப் பழகலாம். இது ஒருமுறை ஆட்டத்தில் பலித்துவிட்டால் அப்புறம் பிள்ளைக்குப் பெரிய ஆட்களைப் பார்த்துப் பயம் போய்விடும். நான் பார்த்த பொடியன்களில் பாதிப் பேர் அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லார் மேலும் சாய்ந்து சாய்ந்து காட்டியவர்கள்.

தலையால் அடிப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயது வரை ஹெட்டிங் கூடாது. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். காரணம் மூளையின் பாதுகாப்பு. உங்கள் பிள்ளை உயரப் பந்துக்குத் தாவ வேண்டியதில்லை. இரண்டு பெரியவர்கள் தாவும்போது நாலைந்து மீட்டர் தள்ளி, பந்து விழப்போகும் இடத்தில் நிற்கட்டும். தலையில் பட்ட பந்து எங்கேயோ கீழே விழுந்துதானே ஆக வேண்டும்? ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் பக்கம் ஜூன் முதல் அடிக்கிற காற்றில் உயரப் பந்து யார் சொல்லையும் கேட்காது. அந்த மாதங்களில் தரையோடு ஆடுகிற பிள்ளைக்கு மதிப்பு கூடும்.

பந்தைப் பறிப்பதிலும் இதே கதைதான். பெரியவன் மேல் பாய்ந்து விழுந்தால் அவன் தாண்டிப் போய்விடுவான். இரண்டு எட்டு இடைவெளி விட்டு, பக்கவாட்டில் நின்று, பின்வாங்கிக்கொண்டே வரட்டும். பெரிய பிள்ளைகள் பந்தை நீளமாகத் தட்டுவார்கள். அந்த நீளத் தட்டலில் விரல்நுனியால் குத்தி எடுத்துவிடலாம்.

எந்த இடத்தில் ஆட வைப்பது

பொடியன் என்றால் பல கோச்சுகள் நேரே விங்கில் போடுவார்கள். கோட்டோரம் நின்றால் ஒரு பக்கம் ஆள் வரமாட்டான், அடி குறைவு. அந்த யோசனை தப்பில்லை. ஆனால் அந்த வயதில் விங்குக்குப் பந்தே வராது, எல்லாம் நடுவில் குவிந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு வயது வரை பிள்ளை எல்லா இடத்திலும் ஆடட்டும் என்பது என் கட்சி. குறிப்பாக நடு மைதானத்தில், சுற்றிலும் ஆள் இருக்கும் இடத்தில், தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் சீக்கிரம் ஊறும். கோல்கீப்பர் ஆசை வந்தால் மட்டும் யோசியுங்கள்: முழு அளவு கோல் 2.44 மீட்டர் உயரம், சின்னப் பிள்ளைக்குத் தலைக்கு மேலே போவதெல்லாம் கோல்தான்.

ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டம் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நம் மாவட்டத்தில் கேரளத்தைப் போலவே செவன்ஸ் ஆட்டத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கிறது. சின்ன கிரவுண்டில் பந்து காலில் படுவது பல மடங்கு. பதினோரு பேர் ஆட்டத்தில் ஒரு பொடியன் ஓடி ஓடிக் களைப்பதுதான் மிச்சம்.

எந்த டீம், கோச்சிடம் என்ன பேசுவது

பெயர் பெற்ற டீமில் சேர்த்து ஓரத்தில் உட்காரவைப்பதைவிட, சுமாரான டீமில் முழு நேரம் ஆட வைப்பது மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கு 15, 16 வயதில் உயரம் தானாக வந்து சேரும். அதுவரை உட்கார்ந்திருந்தவனுக்கு ஆட்டம் வந்து சேராது. பிரெஞ்சு வீரர் கிரீஸ்மானைச் சிறுவயதில் பிரான்சில் பல கிளப்புகள் உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பின. எல்லை தாண்டி ஸ்பெயினில் ரியல் சோசிதாத் எடுத்துக்கொண்டது. இடம் மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேர்க்கும் முன் ஒருநாள் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். தோற்கிற நேரத்தில் கோச் என்ன கத்துகிறார் என்று கேளுங்கள். "தூக்கி அடி, தூக்கி அடி" என்பது மட்டும்தான் காதில் விழுகிறது என்றால், அந்த ஆட்டத்தில் உயரமானவனுக்குத்தான் வேலை.

கோச்சிடம் பேசும்போது "ஏன் சார் இறக்கல?" என்று கேட்டால், அவர் பதில் சொல்லும் முன்பே சண்டை தொடங்கிவிடும். ஆட்டம் நடந்த நாளில் பேசாதீர்கள். மறுநாள் போய், ஓர் அம்மா கேட்டது போலக் கேளுங்கள்:

"சார், அவன் எதுல இன்னும் தேறணும்னு சொன்னீங்கன்னா வீட்ல செய்ய வைக்கேன்."

"இடது கால் வரவே மாட்டேங்குதும்மா. வலது பக்கம் மூடிட்டா பையன் நின்னுருதான்."

"சரி சார். ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

இப்படிக் கேட்ட பிறகு கோச் தன்னை அறியாமலே அந்தப் பையனைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார். அவருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது அல்லவா.

ஓரத்தில் நின்று நீங்கள் கத்துவதை நிறுத்துங்கள். "மக்ளே, பாஸ் குடு!" என்று அப்பா கத்தும்போது பிள்ளை பார்ப்பது பந்தையோ ஆளையோ அல்ல, அப்பாவை. நாம் மெனக்கெட்டுப் பழக்கிய தலைத் திருப்பல் எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் போய்விடும்.

பெண் பிள்ளை என்றால்

மேலே சொன்னது எல்லாம் அப்படியே பொருந்தும். பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் சராசரியாக 12 வயது பக்கம், பையன்களுக்கு 14 பக்கம் உச்சத்துக்கு வரும் என்பதால், பதினொன்று பன்னிரண்டு வயதில் பையன்களோடு கலந்து ஆடுவதில் உடல் ரீதியாகப் பெரிய சிக்கல் இல்லை. தனிப் பெண்கள் அணி பக்கத்தில் கிடைக்காவிட்டால் அதற்காக ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், பையன்களோடு விடுங்கள்.

சாப்பாடு

நம் மாவட்டத்தில் இதற்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. சாளை, நெத்திலி, அயிலை, முட்டை, சிறுபயறு, கடலை இதெல்லாம் புரதம். ஆட்டத்துக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன் மட்டிப் பழமோ அவித்த ஏத்தன் பழமோ. மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கூட மீன் கறி இல்லாமல் கிழங்கு மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம். பள்ளியில் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைப் பிள்ளை விழுங்கியதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சீக்கிரம் களைக்கிறான், முகம் வெளுத்திருக்கிறது என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும், டியூஷனை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்.

போட்டி, தேர்வு, சான்றிதழ்

பள்ளி அணியில் இடம் கிடைத்தால் வழி தெளிவானது: குறுவட்டம், அப்புறம் வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். 14, 17, 19 என்று வயதுப் பிரிவுகள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு கோடையில் நடக்கும். 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்ப்பார்கள், கால்பந்தும் உண்டு. விவரங்களை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்கலாம்.

தேர்வு நாளில் பொடியன் கவனத்துக்கு வருவது கஷ்டம். நூறு பேர் நிற்கும் கிரவுண்டில் பெரிய உடம்பு தானாகத் தெரியும். அதனால் சத்தம் போடப் பழக்குங்கள். "எனக்கு", "பின்னாடி ஆள்", "திரும்பு" என்று வாய் திறந்து கேட்கிற பிள்ளையைத் தேர்வாளர் திரும்பிப் பார்ப்பார். முதல் பந்தை எளிமையாக ஆடட்டும், பக்கத்து ஆளுக்கு ஒரு சுத்தமான பாஸ். பந்து போய்விட்டால் தலையில் கை வைக்காமல் உடனே பின்னால் ஓடட்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உள்ளூர்ப் போட்டிகளில் வயதைக் குறைத்து ஆடுகிறவர்கள் உண்டு. மீசை அரும்பிய 'பன்னிரண்டு வயதை' எதிர்த்து உங்கள் பிள்ளை ஆட நேரும். அப்போது யாராவது வந்து, "இவன் பார்க்கச் சின்னப் பயதானே, இரண்டு வயது குறைச்சுக் கீழ் பிரிவில் போட்டுரலாம், யாருக்குத் தெரியப்போகுது" என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மணிக்கட்டு எக்ஸ்ரே வைத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. அதைவிட முக்கியம், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவு மூன்றிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். ஒன்றில் மாறினாலும் பின்னால் ஒவ்வொரு தேர்விலும் வாசலிலேயே நிறுத்துவார்கள். மூன்றையும் இப்போதே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி வரும்போது

சுவரில் போட்ட கோடு திடீரென்று ஆறு மாதத்தில் நாலைந்து செ.மீ. ஏறினால், வேகமான வளர்ச்சி தொடங்கிவிட்டது. எல்லாரும் கொண்டாடும் நேரத்தில் பிள்ளையின் ஆட்டம் கெடும். கால் நீண்டுவிட்டது, மூளைக்கு இன்னும் பழைய நீளம்தான் நினைவு. எளிதான பந்தெல்லாம் தவறும், திருப்பத்தில் தடுக்கி விழுவான். சில மாதத்தில் சரியாகிவிடும். கோச்சிடம் இதை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

இந்தக் காலத்தில் குதிகாலின் பின்புறமும், முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்த இடமும் வலிக்கலாம். எலும்பு முந்தி வளர, தசைநார் இழுபடுவதால் வருவது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடு என்று சொல்லாதீர்கள். தாவுவதையும் ஓட்டத்தையும் சில வாரம் குறைத்து, ஐஸ் வைத்து, சுவர்ப் பயிற்சி மட்டும் நடக்கட்டும். நொண்டி நடந்தால், ராத்திரி வலியில் எழுந்தால், எலும்பு மருத்துவரிடம் போங்கள். வலி போனதும் பழைய நாலு திருப்பங்களை மெதுவாக முதலில் இருந்து தொடங்குங்கள். அப்புறம் இந்த ஆண்டில் பூட்ஸுக்கு அதிகப் பணம் போடாதீர்கள், நாலு மாதத்தில் காலுக்குச் சேராது.